முதலில் சறுக்கு, அப்புறம் மட்டை!



ஹாக்கி என்றதும் நமக்கு நம்ம கிரவுண்டு, செம்மண், வளைந்த மட்டை, முட்டியில் ஆறாத சிராய்ப்பு இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனால் கனடாவில் ஒரு பையனிடம் போய் "ஹாக்கி" என்று சொல்லிப் பாருங்கள், அவன் பனிக்கட்டியைத்தான் நினைப்பான். அங்கே ஹாக்கி என்றாலே ஐஸ் ஹாக்கி. நம்ம ஆட்டத்தை "ஃபீல்டு ஹாக்கி" என்று தனியாக அடைமொழி போட்டுச் சொல்கிறார்கள். (கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது!)

அந்த ஐஸ் ஹாக்கியில் ஒரு சின்னப் பையனை எப்படி ஆட்டக்காரனாக ஆக்குகிறார்கள் என்பதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். "நமக்கும் பனிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கா, கனடாவில் உள்ள தொழில்முறை ஆட்டத்தில் பனித்தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு 6 பேர். பந்து கிடையாது, ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம், எடை ஏறக்குறைய 160 கிராம். அது துள்ளக்கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்து எடுக்கிறார்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஒரு ஆட்டக்காரர் தளத்தில் முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு வெளியே வந்துவிடுவார், அடுத்தவர் உள்ளே போவார். மொத்த பலத்தையும் அந்த முக்கால் நிமிடத்தில் கொட்ட வேண்டும், அதனால்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம்ம ஆட்டத்தில் ஓடத் தெரிந்தவன் மட்டை பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். ஓடுவதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ரெண்டு வயசிலேயே வந்துவிட்டது. ஐஸ் ஹாக்கியில் அப்படி இல்லை. ஓட்டத்தையே முதலிலிருந்து கற்க வேண்டும். அதுவும் நாம் ஓடுகிற மாதிரி பனியில் ஓடினால் ஒரு அடிகூட நகர முடியாது!

ஏன் என்று பாருங்கள். நாம் ஓடும்போது காலால் தரையைப் பின்னால் தள்ளுகிறோம். தரை உராய்வு கொடுக்கிறது, நாம் முன்னால் போகிறோம். (நியூட்டனின் மூன்றாம் விதி, ஒன்பதாம் வகுப்பு நண்பர்கள் கவனிக்கவும்.) பனியில் காலைப் பின்னால் தள்ளினால் பிளேடும் காலோடு சேர்ந்து பின்னால் வழுக்கிப் போய்விடும். பனிக்கட்டியின் மேல்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவை போல இறுக்கமாகப் பிணைந்திருப்பதில்லை. அதனால் மேலே மெல்லிய, நீர் போன்ற ஒரு படலம் இருக்கிறது. பிளேடின் அழுத்தத்தால் பனி உருகுவதுதான் காரணம் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கும். ஆனால் மைனஸ் 10 டிகிரியில் ஒரு ஆளின் எடை பனியை அப்படி உருக்கப் போதாது. அப்போதும் பனி வழுக்கத்தான் செய்கிறது!

அப்படியானால் எப்படித்தான் முன்னால் போகிறார்கள்? ரகசியம் பிளேடில் இருக்கிறது. அது கத்தி போல ஒரே கூராக இருக்காது. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டையின் அடிப்பாகத்தை நீளவாக்கில் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். நடுவில் குழி, இரண்டு பக்கமும் கூர்விளிம்பு. நீளவாக்கில் அது வழுக்கும். பக்கவாட்டில் சாய்த்து அழுத்தினால் விளிம்பு பனியைக் கவ்விப் பிடிக்கும். ஆகவே பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, உள்விளிம்பைப் பதித்து, பக்கவாட்டில் தள்ள வேண்டும். இடது காலை இடப்பக்கம் தள்ளினால் உடம்பு வலது காலின் மேல் ஏறி முன்னால் சறுக்கும். பிறகு வலது கால். புறப்படும்போது முதல் மூன்று நான்கு அடிகள் வாத்து நடை போல, குதிகால் சேர்ந்து, விரல்கள் விரிந்து, குட்டிக் குட்டியாக இருக்கும். வேகம் பிடித்த பிறகு நீண்ட தள்ளல்.

இதில் முக்கியமானது முழங்கால். பயிற்சியாளர்கள் ஓயாமல் கத்துவது "முட்டியை மடக்கு!" என்பதுதான். கால் நிமிர்ந்து நின்றால் தள்ளுவதற்கு ஒன்றுமே மிச்சம் இருக்காது. உட்கார்ந்த மாதிரி தாழ்ந்து, அங்கிருந்து கால் முழுதாக நீளும் வரை தள்ளினால்தான் பலம் முழுவதும் பனிக்குப் போகும். நீண்ட காலை அப்புறம் பின்னால் உதறித் தூக்காமல், பனியை ஒட்டியே திரும்பக் கொண்டுவந்து உடம்புக்கு நேர் கீழே வைக்க வேண்டும். அங்கே வந்தால்தான் அடுத்த தள்ளலுக்கு முழு நீளம் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் பாதியில் காலை எடுத்துவிட்டு வேக வேகமாகக் காலை ஆட்டுவார்கள். பார்க்க வேகமாக இருக்கும், ஆள் நகர மாட்டான்!

திரும்புவதும் ஒரு கலைதான். சைக்கிளில் வளைவில் போகும்போது உள்பக்கம் சாய்கிறோமே, அதே மாதிரி சாய்ந்து, வெளிக்காலை உள்காலுக்கு முன்னால் தூக்கிப் போட்டுத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். உள்காலின் வெளிவிளிம்பும் அப்போது தள்ள வேண்டும். நிறையப் பேருக்கு அதுதான் வராது. ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறுபக்கம் தடுமாறுகிற ஆட்டக்காரனை எதிரணி சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். நிற்பதற்கு இரண்டு பிளேடையும் குறுக்கே திருப்பி அழுத்துவார்கள். டிவியில் பனித்தூள் சர்ரென்று பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். தடுப்பு ஆட்டக்காரர்கள் பின்பக்கமாகவே முழு வேகத்தில் சறுக்க வேண்டும். எனக்கு இதை நினைத்தாலே தலை சுற்றுகிறது.

வளர்ந்த பிறகு இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்பதற்கு பாப் நிஸ்ட்ராம் சாட்சி. இவர் ஸ்வீடனில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 1972-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி இவரைத் தேர்ந்தெடுத்தது. முரட்டு உழைப்பாளி, ஆனால் சறுக்குவதில் பலவீனம். அவருக்குச் சறுக்கச் சொல்லித் தந்தவர் லாரா ஸ்டாம் என்ற பெண். ஹாக்கியிலிருந்து வந்தவர் அல்ல. ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பனி நடனத்திலிருந்து வந்தவர். ஆண்கள் மட்டுமே நிறைந்த தொழில்முறை ஹாக்கியில் 1970களில் ஒரு பெண் வந்து "உன் முட்டி மடங்கவில்லை, விளிம்பு பதியவில்லை" என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஏற்கனவே தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த நிஸ்ட்ராம் கௌரவம் பார்க்காமல் அடிப்படையிலிருந்து கற்றார். 1980 மே 24 அன்று ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று ஆட்டம் 4–4 என்று சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. கோல் போட்டு ஐலண்டர்ஸுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தவர் யார் தெரியுமா? அதே நிஸ்ட்ராம்தான்!

இன்னொரு கனடாக்காரர், பார்பரா அண்டர்ஹில், 1984-இல் ஜோடி ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியன். பிற்காலத்தில் பெரிய ஹாக்கி அணிகளே அவரைச் சறுக்கல் பயிற்சியாளராக வைத்துக்கொண்டன.

கால் மட்டும் போதாது, தலையும் வேண்டும். வெய்ன் கிரெட்ஸ்கி பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒல்லியான உடம்பு, அதிவேகக்காரரும் இல்லை. ஆனால் 894 கோல் போட்டார். அந்தச் சாதனையை 2025 ஏப்ரலில்தான் ரஷ்யாவின் ஓவெச்கின் முறியடித்தார். கிரெட்ஸ்கியின் அப்பா வால்டர், பிரான்ட்ஃபோர்டு ஊரில் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் விட்டு உறைய வைத்து மகனுக்குப் பனித்தளம் செய்து கொடுத்தார். வட்டு இருக்கும் இடத்துக்குப் போகாதே, அது போகப்போகிற இடத்துக்குப் போ என்பதுதான் அவர் சொல்லிக் கொடுத்த பாடம். சின்ன வயதில் கிரெட்ஸ்கி டிவியில் ஆட்டம் பார்த்தபடியே காகிதத்தில் தளத்தை வரைந்து, வட்டு போகும் வழியெல்லாம் பென்சிலால் கோடு இழுப்பாராம். எந்த இடத்தில் கோடு அதிகம் விழுகிறதோ அங்கே நிற்கப் பழகினார். இதற்குப் பனி தேவையில்லை பாருங்கள், நம்ம ஆட்டத்துக்கும் செய்யலாம். நான் செய்து பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் தாள் முழுக்கக் கிறுக்கலாகிவிட்டது, ஆனால் வலது ஓரம் காலியாக இருந்தது தெரிந்தது!

இனி பயிற்சியாளர்கள். சோவியத் ஹாக்கியை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அனத்தோலி தரசோவ். பனித்தளம் போதாத காலத்தில் வெறும் தரையிலேயே ஓட்டம், தாண்டல், எடை தூக்கல் என்று வீரர்களைத் தயார் செய்தார். பாலே நடனத்தையும் சதுரங்கத்தையும் கவனித்து அதிலிருந்து பயிற்சிகளை எடுத்தார். ஒருவன் வட்டை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதைவிட ஐந்து பேரும் மாற்றி மாற்றிக் கொடுப்பதே ஆட்டம் என்றார். 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலகச் சாம்பியன் பட்டம் சோவியத் அணிக்கே!

அந்த வலிமையான சோவியத் அணியை 1980 பிப்ரவரி 22-இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 4–3 என்று வென்றார்கள். அவர்களின் பயிற்சியாளர் ஹெர்ப் ப்ரூக்ஸ், 1960 ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர். அவர் இல்லாமலே அந்த அணி தங்கம் வென்றது! அந்த வலி அவருக்குள் இருந்திருக்கும். 1979 செப்டம்பரில் நார்வேயோடு தன் அணி 3–3 என்று சமன் செய்தபோது, அசட்டையாக ஆடினார்கள் என்று கோபப்பட்டு, ஆட்டம் முடிந்த பிறகும் கோட்டுக்குக் கோடு சறுக்க வைத்தார். அரங்க ஊழியர்கள் விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் சறுக்கினார்கள். இதைக் கேட்டு நம்ம பசங்க சிலர் "ஆஹா, இதுதான்டா கோச்சிங்!" என்கிறார்கள். எனக்கு முழுக்க ஒப்பவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இருபது வயது தாண்டியவர்கள், தேர்வு செய்யப்பட்டவர்கள். பத்து வயதுப் பையனை அப்படிச் செய்தால் மறுநாள் வரமாட்டான்.

சின்னவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் அமெரிக்க ஹாக்கிச் சங்கம் 2009-இல் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. 8 வயதுக்குட்பட்டவர்களை 200 அடி முழுத்தளத்தில் விடாமல், குறுக்கு வாட்டில் சின்னத் தளமாகப் பிரித்து ஆட விடுகிறார்கள். முழுத்தளத்தில் விட்டால் ஒருத்தனிடமே வட்டு இருக்கும், மற்றவர்கள் பின்னாலேயே ஓடிக் களைப்பார்கள். சின்ன இடத்தில் எல்லோருக்கும் வட்டு கிடைக்கும், திரும்புவது, நிற்பது எல்லாம் அடிக்கடி வரும். 2011-இல் அமெரிக்காவும் 2013-இல் கனடாவும் 11, 12 வயதுக்காரர்கள் உடம்பால் மோதித் தள்ளுவதையும் நிறுத்தின.

நம்ம நாட்டிலும் ஐஸ் ஹாக்கி உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் ஆடுகிறார்கள். பெரும்பாலும் லடாக் பெண்களே உள்ள இந்திய மகளிர் அணி 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வென்று முதல் சர்வதேச வெற்றி பெற்றது. 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலமும் வாங்கியது.

சரி, காரணத்துக்கு வருகிறேன். 1980களில் கனடாவின் லெத்பிரிட்ஜ் ஊரில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் பேராசிரியர் மனைவி பௌலாவோடு ஹாக்கி பார்க்கப் போனார். பௌலா கையிலிருந்த ஆட்டக்காரர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவர், பிறந்த தேதிகளைப் பார்த்து அசந்துபோனார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே இருந்தது! 1985-இல் இதை ஆய்வாக வெளியிட்டார்கள். கனடாவில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 தான் கோடு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஒன்பது வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய வித்தியாசம். உயரமானவனை "திறமைசாலி" என்று எடுக்கிறார்கள். அவனுக்கு நல்ல கோச், கூடுதல் ஆட்டம், கூடுதல் பனி. அப்புறம் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான்! (கிரெட்ஸ்கி பிறந்தது ஜனவரி 26.) 2013-இல் வந்த இன்னொரு ஆய்வில், வருடக் கடைசியில் பிறந்தும் தப்பித்துத் தொழில்முறைக்கு வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஆடினார்கள் என்று தெரிந்தது.

நான் பிறந்தது நவம்பர் 28. ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஜூனியர் டீமில் என்னை எடுக்கவில்லை. "கால் பலம் பத்தாதுப்பா" என்றார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, அன்று என்னைப் பார்த்தால் நானே எடுத்திருக்க மாட்டேன். பத்தாம் வகுப்பில் திடீரென்று வளர்ந்தேன், எடுத்தார்கள். இந்த வருடம் செலக்‌ஷனுக்கு வந்த ஏழாம் வகுப்புத் தம்பி ஒருத்தன், பெயர் வரவில்லை என்றதும் சைக்கிள் ஸ்டாண்டு பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். "உன் பிறந்தநாள் எப்பலே?" என்று கேட்டேன். "டிசம்பர் 19, அண்ணா" என்றான். அன்றைக்குப் பிறகு அவன் கிரவுண்டுக்கு வரவே இல்லை. (பெயர் எழுதவில்லை, எழுதினால் சண்டைக்கு வருவான்.)

பி.டி. சாரிடம் கேட்டேன், அனுமதி கொடுத்துவிட்டார். வருகிற சனிக்கிழமை முதல் காலை ஆறரை மணிக்கு, டீமில் இல்லாத ஆறாம், ஏழாம் வகுப்புத் தம்பிகளுக்கு கிரவுண்டைக் குறுக்கே மூன்றாகப் பிரித்து, பக்கத்துக்கு நாலு பேர் வீதம் ஆட்டம். செலக்‌ஷன் கிடையாது. மட்டை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். என்னிடம் பழையது இரண்டு இருக்கிறது, சீனியர் அண்ணன்கள் நாலு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருபவர்கள் இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் பெயரும் பிறந்த மாதமும் எழுதவும். முதல் வரியை டிசம்பருக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்