வாழைப்பழம் ஏறாத படகு

காலை ஆறே முக்கால். சியாட்டில் இன்னும் கும்மிருட்டு. மூன்று சட்டை, அதற்கு மேல் தம்பியின் ஸ்வெட்டர், அதற்கும் மேல் அவன் மனைவியின் மழைக்கோட்டு என்று பொதிமூட்டை மாதிரி படகுத்துறையில் நிற்கிறேன். மழையா பனியா என்று தீர்மானிக்க முடியாத ஒரு சிணுங்கல் மேலே விழுந்துகொண்டே இருக்கிறது. யாராவது பார்த்தால் பரிதாபப்படுவார்கள். எனக்கோ தாங்க முடியாத குஷி!

பின்னே? சியாட்டிலுக்கு வருகிறவர்களை ஸ்பேஸ் நீடிலுக்குக் கூட்டிப்போவார்கள், மீன் சந்தையில் மீனைத் தூக்கி எறிவதைக் காட்டுவார்கள். எனக்குக் கிடைத்திருப்பது வாஷிங்டன் ஏரியின் கொல்லைப்புற வாசல். ஜனவரி மாதம், ட்ரவுட் மீன் பிடிக்க, தம்பியின் பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு. எழுபதைத் தாண்டியவர். தெருவே அவரை ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுகிறது. இரண்டு வாரமாக நச்சரித்து வாங்கிய அனுமதி இது.

“லைசென்ஸ்?” என்பதுதான் கேப்டனின் காலை வணக்கம். பதினைந்து வயது நிரம்பியவர் யாரானாலும் லைசென்ஸ் இல்லாமல் இந்த மாநிலத்தில் தூண்டிலைத் தொடக்கூடாது. முந்தின நாளே வாங்கி வைத்திருந்த ஒரு நாள் லைசென்ஸை பாஸ்போர்ட் போல நீட்டினேன். வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்த கேள்வி: “பையில் வாழைப்பழம் இருக்கிறதா?”

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் கிடைக்காது என்பது இந்த ஊர்த் தூண்டில்காரர்களின் வேதவாக்கு. நாங்களோ நாகர்கோவில்காரர்கள். பையில் பழம் இல்லைதான். ஆனால் ஊரிலிருந்து நான் சுமந்து வந்த நேந்திரங்காய் சிப்ஸ் அரைக் கிலோ இருக்கிறது. தம்பி என் காதோரம் குனிந்தான்: “அக்கா, சிப்ஸைப் பத்தி மூச்சு விடாதே.”

படகுக்குள் ஏறினால், அடடா, அந்தக் குப்பையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கேக் சுடும் குழித்தட்டில் வகை வகையாக ஸ்பூன்கள். சோறு அள்ளுகிற ஸ்பூன் அல்ல. மீனை ஏமாற்றுவதற்காகச் சின்ன மீன் போலப் பளபளக்கும் தகடுகள். பாதித் தகடுகளில் நகப்பாலிஷ் பூசியிருக்கிறது. பேத்தியின் பாலிஷாம். ரோஸ் நிறத்துக்குத்தான் மவுசு என்றார். காபி டப்பாவில் துருப்பிடித்த முள்கள், ஒற்றைக் கையுறைகள் ஏழெட்டு, இருக்கையில் காய்ந்து ஒட்டிய செதில், மூலையில் ஒரு நீல வாளி. “இந்த வாளி எதற்கு?” என்று கேட்டேன். கேப்டன் வானத்தைப் பார்த்தார். தம்பி காறிக் கனைத்தான். புரிந்துவிட்டது. அதன்பிறகு நான் காபியைத் தொடவே இல்லை.

படகு தெற்கே கிளம்பியது. கரையில் இருட்டாகத் தெரிந்த கட்டடங்கள் பழைய கடற்படை விமானத்தளத்தின் மிச்சம். அந்தக் காலத்தில் தண்ணீரில் விழுந்த விமானங்கள் சில இன்னும் ஏரிக்கடியில் கிடக்கின்றன. விமானம் மட்டுமா, காடே கிடக்கிறது! சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் வந்த பூகம்பத்தில் கரைச்சரிவுகள் மரத்தோடு வழுக்கி ஏரிக்குள் போய்விட்டன. சில மரங்கள் நின்ற கோலத்திலேயே இருக்கின்றனவாம். “என் ஈயக்குண்டு மூன்றை அந்த மரங்கள் வாங்கிவைத்திருக்கின்றன. திருப்பித் தருவதாக இல்லை” என்று கடன்காரனைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

விடியும்போது எதிரே பாலம் தெரிந்தது. 520 என்று எண்ணால் அழைக்கப்படும் நெடுஞ்சாலையின் மிதவைப் பாலம். 2016இல் திறந்தது, 2,350 மீட்டர் நீளம், உலகிலேயே நீளமான மிதவைப் பாலம். தூணில் நிற்பதல்ல, கான்கிரீட் பெட்டிகளின் மேல் மிதப்பது. அதன்மேல் சிவப்பு விளக்குகளை வரிசையாக ஏந்திக்கொண்டு சியாட்டிலிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளை நோக்கி ஊரே ஊர்கிறது. என் தம்பியும் எட்டு வருடமாக ஆபீஸ் பஸ்ஸில் அதன்மேல் போகிறவன்தான். இன்று லீவு போட்டுவிட்டு அதன் காலடியில் நிற்கிறான். “நான் தினமும் இங்கேதான் தூங்குவேன் அக்கா” என்றான், கண் விரிய.

இங்கேதான் ஒரு ரகசியம். குளிர்காலக் காற்று தெற்கிலிருந்து அடிக்கும். பாலத்தின் தென்பக்கம் அலை மோதி நுரை தெறிக்கிறது. வடபக்கமோ தெப்பக்குளம் போலச் சலனமில்லாமல் கிடக்கிறது. பல கோடி டாலர் செலவழித்து அரசாங்கம் கட்டிய பாலம், மூன்று தூண்டில் படகுகளுக்கு அலைதடுப்புச் சுவராக வேலை பார்க்கிறது! அந்த மூன்றில் ஒன்று நாங்கள். மேலே ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

கேப்டன் வேலையில் இறங்கினார். கோடையில் இந்த ஏரி மேலே சூடும் கீழே குளிருமாகப் பிரிந்துவிடும். குளிர் தேடும் ட்ரவுட் ஆழத்துக்குப் போய்விடும். குளிர்காலத்தில் ஏரி உறையாது. மேலும் கீழும் கலந்து ஒரே குளிராகிவிடும். மீனுக்கு எந்த மாடியும் ஒன்றுதான். அதனால் ஒரு தூண்டில் மேலே, ஒன்று நடுவே, ஒன்று கீழே. தூண்டில் நரம்பான தங்கூசியை ஓர் ஈயக்குண்டோடு கிளிப்பில் மாட்டி இறக்கிவிட்டு, நாம் நடக்கிற வேகத்தில் படகை ஊரவிடுவது, அவ்வளவுதான் வித்தை. கோல் நாணேற்றிய வில் போல வளைந்து நிற்கும். மீன் கடித்தால் கிளிப் விடுபட்டுக் கோல் சட்டென நிமிரும்.

சொல்லும்போது எளிது. அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் பாளம் பாளமாக வெடிப்பு. கையுறை போட்டால் தங்கூசியில் முடிச்சுப் போட முடியாதே. ஈரத்தில் வெடித்த இடங்களில் சூப்பர் க்ளூ விட்டு ஒட்டியிருக்கிறார். “டாக்டரிடம் சொல்லாதே” என்றார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றுமில்லை. ஒன்றரை. கோல்கள் தவம் செய்தன. சிப்ஸ் பையை நான் காலால் இருக்கைக்கடியில் தள்ளினேன். மனசாட்சி உறுத்தியது.

பொழுது போகக் கேப்டன் பேசினார். அவர் சிறுவனாக இருந்தபோது சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீர் இந்த ஏரியில்தான் வந்து விழுமாம். தண்ணீரில் பாசி மண்டி, கோடையில் நாறுமாம். அம்மா குளிக்க விடமாட்டாராம். ‘நாற்ற ஏரி’ என்று பத்திரிகைக்காரர்களே பட்டப்பெயர் வைத்தார்கள் என்றார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் என்ற விஞ்ஞானி ஏரி கெட்டுக்கொண்டிருப்பதை ஆதாரத்தோடு எடுத்துச் சொல்ல, 1958இல் மக்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் காசிலேயே குழாய் பதித்து, 1963 முதல் 1968 வரை கழிவுநீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். “அப்பா முனகிக்கொண்டேதான் ஓட்டுப் போட்டார்” என்றார் கேப்டன். கையை விட்டுத் தண்ணீரை அள்ளிப் பார்த்தேன். கண்ணாடி. விரல்தான் இரண்டு நிமிஷத்துக்குச் செத்துப்போனது.

டங்! நடுக்கோல் நிமிர்ந்தது. “எடு, எடு, எடு!” நான் எடுத்தேன். கூடவே கத்தினேன். கத்திய வேகத்தில் ரீலைச் சுற்ற மறந்துபோனேன். தங்கூசி தளர்ந்தது. இருபது அடி தள்ளி ஒரு வெள்ளி மின்னல் துள்ளி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் சுட்டது.

இதற்குமேல் தாங்காது என்று உண்மையைக் கக்கிவிட்டேன். பையை வெளியே எடுத்தேன். கேப்டன் மஞ்சள் வில்லைகளை முறைத்தார். “இது பழமா, காயா?” “காய்” என்றோம் இருவரும் ஒரே குரலில். யோசித்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்று. “சட்டத்தில் பழத்தைப் பற்றித்தான் இருக்கிறது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த கால் மணியில் மேல்கோல் நிமிர்ந்தது. சத்தியமாக!

இந்த முறை வாயை மூடிக்கொண்டு சுற்றினேன். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி, ஒன்றும் தெரியவில்லை. “வலப்பக்கம், அக்கா, வலப்பக்கம்!” என்று தம்பி வழிசொல்ல, கேப்டன் கைப்பிடி வலையோடு பாதி உடம்பை வெளியே நீட்டினார். நான் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன், தம்பி என் கோட்டைப் பிடித்துக்கொண்டான். மீன் வலைக்குள். நாற்பது சென்டிமீட்டருக்குக் குறையாது. உடம்பெல்லாம் மிளகு தூவியது போலப் புள்ளி. கீழ்த்தாடைக்கு அடியில், குங்குமத்தைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டது போல இரண்டு சிவப்புக் கோடு. அதனால்தான் ‘கட்த்ரோட்’, தொண்டை அறுபட்டது என்று இந்த ட்ரவுட்டுக்குப் பெயர். நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் குடியேறிய மீன். இதுவோ இந்த மண்ணின் பிள்ளை.

தளத்தில் துடித்த மீன் வாயிலிருந்து விரல் நீளத்தில் ஒரு குட்டி மீனைக் கக்கியது. கேப்டன் அதை என் மூக்கருகே நீட்டினார். முகத்தைச் சுளித்துக்கொண்டே முகர்ந்தேன். மீன் நாற்றமே இல்லை! அப்போதுதான் நறுக்கிய வெள்ளரிக்காய் வாசம்! ஸ்மெல்ட் என்ற இந்தச் சின்ன மீன்களைத் துரத்தித்தான் ட்ரவுட் கொழுக்கிறது. இரண்டு வருடத்தில் ஆயுள் முடியும் இனம். இரட்டைப்படை வருடக் குளிரில் செடார் ஆற்றுக்கு முட்டையிடப் போகும் கூட்டம் பெரிது. “இந்த வருஷம் நல்ல வருஷம்” என்று வெள்ளரி வாசக் கையால் இன்னொரு சிப்ஸ் எடுத்தார்.

அதன்பின் மூன்று மீன். மூன்றையும் தண்ணீரிலேயே முள் கழற்றி விட்டுவிட்டார். வைத்துக்கொண்டது நான் பிடித்ததை மட்டும். பழைய தொழிற்சாலை ரசாயனத்தின் மிச்சம் ஏரி மீனில் இன்னும் இருப்பதால் அளவோடு சாப்பிடச் சொல்லியிருக்கிறது சுகாதாரத் துறை. கேப்டன் வீட்டில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றுவது அவர் மனைவி.

இரவு அந்த மீன் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிக்கொண்டு தோசைக்கல்லில் விழுந்தது. ஆளுக்கு நாலு வாய். சிப்ஸ் பை மட்டும் திரும்பி வரவே இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு தம்பியிடமிருந்து போன். பின்னணியில் பஸ் உறுமல். குரலை வெகுவாகத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

“அக்கா, வடக்குப் பக்க சன்னல் சீட்டுப் பிடிச்சுட்டேன். ரெண்டு படகு நிக்குது. ஒண்ணுல யாரோ வலையோட பாதி உடம்பை வெளிய நீட்டிட்டு இருக்கார். பின்னாடி கோட்டைப் பிடிக்க ஆளே இல்லை, அக்கா!”