கப்பல் சிப்பந்தி, துணைப் பிரதமர்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜான் பிரெஸ்காட் பேச எழுந்தால், எதிர்வரிசையிலிருந்து சில நேரம் ஒரு குரல் வரும்: “எனக்கு ஒரு ஜின் அண்ட் டானிக்!” ஒரு காலத்தில் கப்பலில் உணவு பரிமாறியவர் என்பதைக் குத்திக்காட்டும் கேலி அது. அவரோ அந்த வேலையை மறைக்க நினைத்ததே இல்லை.

1938-ல் வேல்ஸில், ரயில்வே சிக்னல் ஊழியரின் மகனாகப் பிறந்தவர். பதினோரு வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்த ‘லெவன் பிளஸ்’ தேர்வில் தோற்றார். தேர்வில் ஜெயித்து வேறு பள்ளிக்குப் போன சிறுமிக்குக் காதல் கடிதம் எழுதினார். எழுத்துப் பிழைகளெல்லாம் திருத்தப்பட்டு அது திரும்பி வந்தது! அந்த அவமானத்தை வயதான பிறகும் அவர் மறக்கவில்லை.

1957-ல், எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் படையெடுப்பு விவகாரத்துக்குப் பின் பதவி விலகிய பிரதமர் ஆண்டனி ஈடன் நியூசிலாந்துக்குப் பயணம் செய்த கப்பலில் பிரெஸ்காட்டும் ஒரு சிப்பந்தி. கப்பலில் நடந்த குத்துச்சண்டையில் ஜெயித்து, ஈடன் கையால் பரிசு வாங்கினார்.

தொழிற்சங்கம்தான் அவரை அரசியலுக்கு இழுத்துவந்தது. தொழிலாளர்களுக்குப் படிப்புக் கொடுத்த ஆக்ஸ்போர்டின் ரஸ்கின் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு ஹல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இடையில் 1966-ல், 56 மணி நேர வேலை வாரத்தை 40 ஆகக் குறைக்கக் கோரி மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அதில் தீவிரமாக இறங்கினார். அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. நான்கே ஆண்டுகளில் அதே கட்சியின் வேட்பாளராக ஹல் கிழக்குத் தொகுதியில் வென்று, 40 ஆண்டுகள் அதைத் தக்கவைத்தார்.

1997-ல் பிரதமர் டோனி பிளேர் அமைச்சரவையில் துணைப் பிரதமர். அந்த ஆண்டே கியோட்டோ பருவநிலை மாநாட்டில், விடிய விடிய நடந்த பேரத்தில் உடன்பாடு எட்டப்பட அவர் பெரும் பங்காற்றினார். முதலாளிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய தொழிற்சங்கக்காரருக்கு அது கைவந்த கலை.

மனதில் பட்டதைப் பட்டென்று பேசுபவர்; சமயத்தில் கையும் பேசியது. 2001 தேர்தல் பிரசாரத்தில் ரில் நகரில் ஒருவர் முட்டையால் அடிக்க, திருப்பி ஒரு குத்து விட்டார். கட்சி கதிகலங்கியது; ஆனாலும் தேர்தலில் அமோகமாக ஜெயித்தது. இராக் போரை அமைச்சராக ஆதரித்தவர், அது சட்டவிரோதம் என்று 2016-ல் வெளிப்படையாக எழுதினார்.

அவரது இலக்கணப் பிழைகளைப் பத்திரிகைகள் எண்ணி எண்ணிச் சிரித்தன. அந்தரங்க வாழ்க்கையின் சறுக்கல்களும் சந்தி சிரித்தன. ஆனால் 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது, கியோட்டோவில் உடனிருந்த முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் மனம் திறந்து புகழ்ந்தார்.

பிரெஸ்காட்டை அதிசயப் பிறவியாகப் பார்க்கத் தேவையில்லை. தேர்வில் தோற்றவருக்கு ஒரு சங்கமும் ஒரு தொழிலாளர் கல்லூரியும் இரண்டாம் வாய்ப்பைக் கொடுத்தன. அவர் அதை விடவில்லை. வசதியுள்ளவர்கள் எப்படியும் நாடாளுமன்றம் போய்விடுவார்கள். உழைப்பவர்கள் அங்கே போக வேண்டுமானால், இத்தகைய அமைப்புகள் உயிரோடு இருக்க வேண்டும்.