பழைய மாடியும் மூட்டை பாரமும்

வணிகப் பெருமக்கள் பலருக்கும் கடைவீதியில் பாட்டன் காலத்து மாடிவீடு ஒன்று இருக்கும். கீழே கடை, மேலே சரக்கு, பின்கட்டில் பூட்டிக் கிடக்கும் அறைகள். இடிப்பதா, பழுது பார்ப்பதா, மேலே இன்னொரு மாடி எழுப்புவதா என்று குடும்பத்தில் பேச்சு நடந்துகொண்டே இருக்கும். முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1871-இல் கட்டிய மேரி கட்டடம், பராமரிப்புக் குறைந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில், சுமார் 15 கோடி ரூபாய் செலவில் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அது அரசுக் கட்டடம். நம் கட்டடம் விழுந்தால் சரக்கும் போகும், ஆளும் போகும். கட்டித் தர எவரும் வரமாட்டார்.

அதே ஊரில் வைசியாள் வீதி வேறு பாடம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் 2002 முதல் 2004 வரை இன்டாக் அமைப்பினர் அங்குள்ள வீடுகளின் திண்ணை, தாழ்வாரம், முகப்புகளைச் சீர்செய்தனர். அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

பழைய கட்டடத்தின் முதல் எதிரி தண்ணீர். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தில் ஒரு ஆலங்கன்று முளைத்தால் போதும். வேர் போன வழியே நீர் இறங்கி, சுவருக்குள் புதைந்த உத்திர முனையை முதலில் உளுக்கச் செய்யும். வெளியே தெரியாது. உளுத்த முனைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை மட்டும் அறுத்துப் புது மரத்தை இரும்புத் தகட்டால் இணைக்கலாம். வெளியே சாய்ந்த சுவரை இரும்புக் கம்பியால் எதிர்ச்சுவரோடு இழுத்துக் கட்டலாம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசக்கூடாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் அரித்துப்போகும்.

விரிசல் கண்டால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

இரண்டாவது எதிரி பாரம். கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் மிளகும் காப்பிக்கொட்டையும் அடுக்கும் நமக்கு இது முக்கியம். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டு மாடிக்குக் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 19 கிலோவுக்கும் குறைவு. கிடங்குக்கோ குறைந்தது சதுர அடிக்கு 70 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்று ஏறத்தாழ 6 சதுர அடி பிடிக்கும். மூன்று மூட்டை அடுக்கினாலே சதுர அடிக்கு 25 கிலோ. வீட்டுக் கணக்கு மீறிவிட்டது. பத்து அடுக்கினால் 83 கிலோ. பழைய வீட்டை இந்தக் கணக்குப் பார்த்தும் கட்டவில்லை. ஆகவே பாரச் சரக்கு தரைத்தளத்தில்தான் இருக்கவேண்டும்.

மேலே மாடி எழுப்ப நினைப்போர், பழைய சுவர்மேல் கான்கிரீட் தளம் போடுவதைத் தவிர்க்கவேண்டும். அந்த அஸ்திவாரம் அன்றைய பாரத்துக்குப் போட்டது. உள்ளே தனி அஸ்திவாரத்தில் இரும்புத் தூண் நிறுத்தி, புது மாடியின் பாரம் முழுவதையும் அதில் இறக்குவதே முறை. பழைய சுவரை ஒட்டிக் குழி தோண்டும்போது, முட்டுக் கொடுத்துச் சிறிது சிறிதாகவே தோண்டவேண்டும்.

கொத்தனாரின் அனுபவம் மதிக்கத்தக்கது. ஆனாலும் பாரம் கணக்கிடக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவு என்று எண்ணவேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் மாடியேறி, தளத்தில் முளைத்த செடியையும் அடைத்த மழைநீர்க் குழாயையும் பார்த்துவிடுவோம்.