சேஸிஸ் நம்பரை முதலில் கேளுங்கள்

"சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி சார். கம்பெனி சர்வீஸ்தான். ஒரு கோடுகூடக் கிடையாது."

பழைய எஸ்.யு.வி. வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் திரும்புவது அபூர்வம். நாமும் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறோம். டயரைப் பார்க்கிறோம். பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தம் கேட்கிறோம். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்கிறோம். எல்லாமே செய்ய வேண்டியவைதான். ஆனால், ஏர்பேக்குக்குள் இருக்கும் ரசாயனம் கெட்டுப்போய்விட்டதா என்று எந்த மெக்கானிக்காலும் காது வைத்துச் சொல்ல முடியாது. பின்பக்க சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தொழிற்சாலையில் சரியாக முடுக்கினார்களா என்பது டெஸ்ட் டிரைவில் தெரியாது. அதை அறிந்த ஒரே இடம் அந்த வண்டியைச் செய்த நிறுவனம். அங்கே விசாரிக்க ஒரே சாவி, ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் 17 எழுத்து சேஸிஸ் நம்பர்.

இதை விளக்க நம் ஊர் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். ஃபோர்டு எக்கோஸ்போர்ட். செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலை நகரில் பிறந்து, 2013 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுவருடம் அந்த ஆலையின் கடைசி எக்கோஸ்போர்ட்டும் வெளியேறியது. புதிதாக வாங்க முடியாது என்பதால் இன்று நடப்பது எல்லாமே பழைய வண்டி வியாபாரம்தான். உறுதியான உடல், நல்ல டீசல் எஞ்சின் என்று இந்த வண்டிக்கு இன்னமும் தனி மரியாதை இருக்கிறது. அது தகுதியான மரியாதைதான்.

அதே வண்டியின் ரீகால் வரலாற்றை, அதாவது குறைபாட்டுக்காக நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைத்த வரலாற்றைப் பாருங்கள். 2015 நவம்பரில் 16,444 எக்கோஸ்போர்ட்டுகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. பின்பக்க சஸ்பென்ஷனின் குறுக்குத்தண்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் சந்தேகம். அடுத்த ஆண்டு மே மாதம் சுமார் 48,000 டீசல் வண்டிகள். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் ஒன்றோடொன்று உரசாமல் பிடித்துவைக்கும் கிளிப் பொருத்துவதற்காக. அதே அறிவிப்பில் பின் இருக்கையின் சாய்வு பூட்டுக்காக இன்னும் சுமார் 700. 2018-ல் முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் கன்ட்ரோல் ஆர்மின் வெல்டிங் காரணமாக 4,379 வண்டிகள். அந்தக் கன்ட்ரோல் ஆர்ம்கள் 2017 மே, ஜூன் மாதங்களில் தயாரான வண்டிகளில் இருந்தவை.

கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டே மாதம்! ஏப்ரலில் வெளிவந்த வண்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, மே மாத வண்டிக்கு உண்டு. இரண்டும் ஒரே நிறம், ஒரே மாடல், ஒரே விலை. "எக்கோஸ்போர்ட்டுக்கு ரீகால் வந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்த எக்கோஸ்போர்ட்டுக்கு வந்ததா, வந்திருந்தால் வேலை முடிந்ததா?" என்றுதான் கேட்க வேண்டும். பதில் சேஸிஸ் நம்பர் வழியாக மட்டுமே வரும்.

ரீகால் என்றதும் வண்டியையே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா, எக்ஸ்யுவி 700 வண்டிகளில் 1,08,306-ஐ எஞ்சின் அறையின் வயரிங் உராய்வைச் சோதிக்க அழைத்தது. அந்த வண்டி அதனால் மோசமாகிவிடவில்லை. அழைத்துப் பார்த்துச் சரிசெய்கிற நிறுவனத்தைத்தான் நான் நம்புவேன். ஆபத்து, அழைப்பு வந்தும் போகாத வண்டியில் இருக்கிறது.

கடிதம் போன முகவரி

அழைப்பு வந்தும் ஏன் போகாமல் இருக்கிறார்கள்? பெரும்பாலும் அலட்சியம் காரணமில்லை. ரீகால் அறிவிப்பு, நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும் உரிமையாளருக்குத்தான் போகும். அவர் முதல் உரிமையாளர். வண்டியை விற்று, வீடு மாறி, போன் நம்பரும் மாறியிருப்பார். இரண்டாவது, மூன்றாவது கையில் இருக்கும் வண்டிக்கு அந்தச் செய்தி வந்து சேர வழியே இல்லை.

வெளிமாநில வண்டிகளில் இது இன்னும் சிக்கல். டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த பிறகு, அங்கே விலை விழுந்த பெரிய டீசல் எஸ்.யு.வி.கள் என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்குப் பயணப்பட்டன. குர்கான் முகவரிக்குப் போன ரீகால் கடிதம் ஈரோட்டுக்காரர் கைக்கு எப்படி வரும்?

நம் நாட்டில் ரீகாலுக்கு நீண்ட காலம் சட்டமே இல்லை. 2012-ல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தானாக முன்வந்து ஒரு நெறிமுறை வகுத்தது, அவ்வளவுதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். பழுது நீக்குவது, வேறு வண்டி கொடுப்பது, பணத்தைத் திருப்பித் தருவது என எதையும் செய்யச் சொல்லலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால், இந்த விதிகள் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பழைய வண்டிச் சந்தையில் நிற்பவற்றில் எத்தனையோ வண்டிகள் அந்த வயதைத் தாண்டியவை. அவற்றுக்கு நிறுவனம் ஏற்கெனவே அறிவித்த ரீகால்தான் கதி. அதைத் தேடிப்போவது வாங்குகிறவரின் வேலையாகிவிடுகிறது.

ஈரக் காற்றும் ஏர்பேக்கும்

எல்லா ரீகாலும் ஒரே எடை கொண்டதல்ல. இருக்கைப் பூட்டு ஒரு வாரம் பொறுக்கும். ஏர்பேக் ஒரு நாளும் பொறுக்காது.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் கதை உலகறிந்தது. ஏர்பேக்கை நொடிக்கும் குறைவான நேரத்தில் ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டரில் அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். ஆண்டுக்கணக்காக ஈரப்பதமும், பகல் இரவு வெப்ப மாற்றமும் பட்டால் அந்த ரசாயனம் சிதைகிறது. பிறகு விபத்து நேரும்போது எரிய வேண்டிய வேகத்தைவிட மிக வேகமாக எரிந்து, உலோக உறையையே வெடிக்கச் செய்கிறது. உயிர் காக்க வேண்டிய பை, ஓட்டுபவரின் முகத்திலும் கழுத்திலும் உலோகச் சில்லுகளை வீசுகிறது. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. டகாட்டா 2017 ஜூனில் திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற வெக்கையான கடலோர மாநிலங்களுக்குத்தான் மாற்று உதிரிபாகங்களை முதலில் அனுப்பினார்கள். நம்மைப் போன்ற தட்பவெப்பம் கொண்ட மலேசியாவில் உயிர்கள் போயிருக்கின்றன.

சென்னையிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் வெயிலில் நிற்கும் வண்டிகளுக்கு இது ஏதோ வெளிநாட்டுச் செய்தி அல்ல. ஹோண்டா இந்தியாவில் பல சுற்றுகளாக டகாட்டா இன்ஃப்ளேட்டர்களை மாற்றியது, பழைய சி.ஆர்-வி எஸ்.யு.வி.யும் அதில் அடக்கம். 2019 ஜூலையில் ஃபோர்டும் தன் பழைய எண்டெவர் வண்டிகளில் 22,690-ஐ முன் ஏர்பேக் இன்ஃப்ளேட்டரைச் சோதிக்க அழைத்தது. 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை, அவையும் அதே மறைமலை நகர் ஆலையில் தயாரானவை. அந்தப் பழைய எண்டெவர் இன்றும் மலைப்பாதைப் பிரியர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ரீகாலில் வராத பழுது

ரீகால் பட்டியல் சுத்தமாக இருந்தாலே நல்ல வண்டி என்று முடிவுகட்டிவிட முடியாது. ரீகால் பாதுகாப்புக்கானது. பர்ஸைக் காலிசெய்யும் பழுதுகள் அதில் வருவதில்லை.

மறுபடியும் எக்கோஸ்போர்ட்டுக்கே வருவோம். 2013-ல் வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட் என்ற ஆறு வேக டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். நின்று நின்று நகரும் நெரிசலில் அதிர்வதும், வேகமெடுக்கத் தயங்குவதும், கட்டுப்பாட்டு மாட்யூல் செயலிழப்பதும் பல நாடுகளில் புகாராயின. ஆஸ்திரேலியாவில், இந்தக் கியர்பாக்ஸ் உள்ள ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வாடிக்கையாளர்களின் புகார்களை முறைகேடாகக் கையாண்டதற்காக ஃபோர்டுக்கு 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2017 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த புதிய எக்கோஸ்போர்ட்டில் அந்தக் கியர்பாக்ஸ் இல்லை. வழக்கமான டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. ஆக, "எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் விற்பனைக்கு நிற்கின்றன. 2016 வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மேலே சொன்ன இந்திய ரீகால்களில் ஒன்றுகூட இந்தக் கியர்பாக்ஸுக்கானது அல்ல என்பதையும் கவனியுங்கள்.

இதையெல்லாம் எங்கே தேடுவது? இந்தியாவில் மாடல் வாரியாகப் பழுதுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி தொகுத்து வைத்திருக்கும் வலுவான அமைப்பு இல்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் அதைச் செய்கிறது. உரிமையாளர்கள் எழுதிய புகார்களை மாடல், ஆண்டு வாரியாக யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அதில் நமக்கு என்ன? 2018 முதல் அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட்டுகள் மறைமலை நகரிலிருந்து கப்பலேறியவை. அவற்றின் சேஸிஸ் நம்பரும் நம் வண்டிகளைப் போலவே 'எம்.ஏ.ஜே.' என்றுதான் தொடங்குகிறது.

அங்கே 2023 டிசம்பரில், 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் எஞ்சின் கொண்ட எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் வண்டிகளில் சுமார் 1.4 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. ஆயில் பம்பைச் சுழற்றும் பெல்ட்டின் டென்ஷனர் உடைந்தால் எண்ணெய் அழுத்தம் போய், எஞ்சின் நின்று, பிரேக்கின் துணைவிசையும் குறையும் என்பது காரணம். அந்த அழைப்பு அமெரிக்க வண்டிகளுக்கானது. நம் எண்ணை அங்கே போட்டால் பதில் வராது. ஆனால், இங்கும் 1.0 எக்கோபூஸ்ட் விற்றது. எண்ணெயிலேயே ஓடும் பெல்ட் கொண்ட எஞ்சின் குடும்பம் அது. தரக்குறைவான எண்ணெய் ஊற்றினால் பெல்ட் சிதைந்து, துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். எனவே அந்த வகையை வாங்க நினைப்பவர் எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்ற ரசீதைக் கேட்க வேண்டும். ரசீது இல்லையென்றால் டீசல் எக்கோஸ்போர்ட்டைத் தேடுவது நல்லது என்பது என் கருத்து.

பி.எஸ். 6 டீசல் எஸ்.யு.வி. வாங்குபவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள். புகைத் துகள்களைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, தொடர்ந்து வேகமாக ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வந்த வண்டியில் அது அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். "கம்மி கிலோமீட்டர்" என்பது இங்கே பெருமை இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனி ரகம். 2015 டிசம்பர் வெள்ளமும், 2023-ல் மிக்ஜாம் புயலும் சென்னையில் எண்ணற்ற வண்டிகளை மூழ்கடித்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் தங்கும். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னிக் குழியின் மண் ஆகியவற்றையும் பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரங்கள் வரும். ஆனால் சேஸிஸ் நம்பரின் ஒரு பகுதியை மறைத்துத்தான் காட்டும். அதனால் ஆர்.சி.யின் படத்தை விற்பவரிடமே கேட்டு வாங்க வேண்டும். வண்டியைப் பார்க்கப் போகும்போது, உடலில் பொறித்திருக்கும் எண்ணோடு அதை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. 1, 0 என்ற எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே தவிர்த்திருக்கிறார்கள்.

பிறகு நிறுவனத்தின் ரீகால் தேடல் பக்கம் இருந்தால் அங்கே அந்த எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே போன் செய்யுங்கள். "இந்த வண்டிக்கு ரீகாலோ, கம்பெனி சொன்ன சர்வீஸ் வேலையோ ஏதாவது பாக்கி இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்தது என்ற விவரத்தையும் உரிமையாளரின் சம்மதத்தோடு கேட்கலாம். மீட்டரைத் திருப்பியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பாக்கி ரீகால் இருந்தால் விற்பவரே முடித்துத் தரட்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு நாள் வண்டியைக் கொண்டுபோய் விடுவதுதான் வேலை.

அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. பெயர் மாற்றத்துக்காக 29, 30-ஆம் படிவங்களோடு ஒவ்வொரு பழைய வண்டியின் விண்ணப்பமும் ஆர்.டி.ஓ.விடம் வந்தே தீர வேண்டும். சேஸிஸ் நம்பர் அரசின் 'வாகன்' தரவுத்தளத்தில் இருக்கிறது. எந்த நம்பருக்கு ரீகால் பாக்கி என்ற பட்டியல் நிறுவனங்களிடம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, பெயர் மாற்றும்போதே புதிய உரிமையாளரின் கைப்பேசிக்கு ஒரு தகவல் அனுப்புவது இன்றைய தொழில்நுட்பத்தில் பெரிய வேலையே இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அது நடக்கும் வரை, சேஸிஸ் நம்பர் தர மறுக்கிறவரிடம் எவ்வளவு நல்ல விலைக்கு வந்தாலும் வண்டி வாங்காதீர்கள்.