வாசல்வரை வந்த வேகம் வீட்டிற்குள் குறைவது ஏன்?

சாலை, மின்சாரம், குடிநீர் ஆகியவற்றோடு இணைய வசதியும் இன்று கிராமத்தின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகிவிட்டது. பட்டா, சிட்டா நகல் எடுப்பதற்கும், பயிர்க் காப்பீட்டிற்குப் பதிவு செய்வதற்கும், ஊராட்சியின் வரவு செலவுகளைக் கணினியில் ஏற்றுவதற்கும் அது வேண்டியிருக்கிறது. இத்தேவையை முன்னிட்டே 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற அத்திட்டத்தைத் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளில் நிறைவேற்றும் பொருட்டு, 2018-ஆம் ஆண்டில் டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களும் பல ஊர்களில் வீட்டு வாசல்வரை இழையைக் கொண்டுவந்துள்ளன.

ஆயினும், இழை வந்த ஊர்களிலும் ‘வேகம் இல்லை’ என்னும் முறையீடு ஓய்ந்தபாடில்லை. கம்பியில் குறை இருப்பதும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பல வீடுகளில் குறை இருப்பது கம்பியில் அன்று. பத்தாண்டுகளாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரூட்டரில்தான். இதை அறியாதவர்கள், 50 மெகாபிட் திட்டம் போதவில்லை என்று 200 மெகாபிட் திட்டத்திற்கு மாறி, மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டியும் பழைய வேகத்தையே காண்கிறார்கள்.

இதன் காரணம் உழவர்களுக்குப் புதிதன்று. ஏரி மதகை முழுவதும் திறந்துவிட்டாலும், வயலின் மடைவாய் ஒரு சாண் அகலமே இருந்தால், அந்த ஒரு சாண் அளவு நீர்தான் வயலில் பாயும். இணையத்தின் வழியிலும் இத்தகைய மடைவாய்கள் பல உள்ளன. அவற்றுள் மிகக் குறுகியது எதுவோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் மடைவாய் ரூட்டரின் பின்புறம் கம்பி செருகும் துளையாகும். பழைய ரூட்டர்கள் பலவற்றில் இத்துளை நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தவல்லதன்று. பெட்டியின் அட்டையில் 10/100 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது இவ்வகையைச் சேர்ந்தது. 10/100/1000 என்றோ, கிகாபிட் என்றோ இருந்தால் புதியவகை. முன்னதில் 300 மெகாபிட் இணைப்பைக் கொடுத்தாலும் ஏறத்தாழ 95-க்கு மேல் வராது. துளை நன்றாக இருந்தும் இதே அளவில் வேகம் நின்றுவிடுமாயின் கம்பியைப் பார்க்க வேண்டும். கிகாபிட் வேகத்திற்குக் கம்பிக்குள் இருக்கும் எட்டு நூல்களும் முழுமையாக இருத்தல் அவசியம்; எலி கடித்து ஒரு நூல் அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும்.

இரண்டாவது மடைவாய் காற்றுவழி. கம்பியில்லா இணைப்பின் முறைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வந்துள்ளன. 1999-இல் வந்த ‘பி’ முறையின் உச்சவேகம் 11 மெகாபிட்; 2003-இல் வந்த ‘ஜி’ முறைக்கு 54. 2009-இல் ‘என்’ முறை வந்தது. அதுவே இன்று வைஃபை 4 எனப்படுகிறது. இம்முறையைச் சேர்ந்த எளிய ரூட்டர்களின் உறையில் 150 அல்லது 300 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இவ்வெண்களை அப்படியே நம்புதல் கூடாது. ஏற்பாட்டுச் செய்திகள், மறுமுறை அனுப்புதல், முறைக்காகக் காத்திருத்தல் ஆகியவற்றில் பெரும்பகுதி கழிந்துவிடும். அச்சிட்ட எண்ணில் பாதி கிடைத்தாலே நல்ல நிலை எனலாம். ‘ஜி’ முறையின் 54-இல் கைக்குக் கிடைப்பது இருபதுக்குச் சற்று மேற்பட்டதுதான். 2013-க்குப் பின் பரவிய வைஃபை 5, 2019 முதல் சான்று பெற்று வரும் வைஃபை 6 ஆகியவை இதனினும் பன்மடங்கு விரைவானவை. ரூட்டரின் மேல் நான்கு கொம்புகள் முளைத்திருப்பதைக் கண்டு மட்டும் மயங்க வேண்டா. எந்த முறையைச் சேர்ந்தது என்று அட்டையைப் படிப்பதே சரி.

ஒரு வீட்டில் ஒரே ஒரு பழைய கருவி இருந்தாலும் மற்றவர்களின் வேகம் குறைவதுண்டு. பலருக்கு இது வியப்பாக இருக்கும். தெருக்குழாயில் ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஒருவர் மட்டும் குறுகிய வாயுள்ள பாத்திரத்தைக் கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக நிரப்பினால், வரிசையில் நிற்கும் அனைவருமே காத்திருக்க நேரும். வைஃபையில் ஒரு வரிசையைப் பயன்படுத்தும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே பேச இயலும். மெதுவாகப் பேசும் பழைய மடிக்கணினியோ, கொல்லைப்புறத்தில் அலை எட்டியும் எட்டாமலும் இருக்கும் கைப்பேசியோ நெடுநேரத்தை எடுத்துக்கொள்கிறது.

பழைய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசையில்தான் இயங்கும். பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய யாவும் அங்கேதான் நெருக்கியடிக்கின்றன. அதில் ஒன்றையொன்று தொடாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. கடைத்தெருவில் உள்ளவர்கள் இம்மூன்றில் நெருக்கம் குறைந்ததைத் தேர்ந்து வைத்துக்கொள்வது நலம். புதியவை 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கும். அது விரைவானது, ஆனால் சுவர்களைக் கடந்து செல்வதில் வலிமை குறைந்தது. முற்றம், தாழ்வாரம், மாட்டுக்கொட்டில் என்று நீண்டு கிடக்கும் நம் கிராமத்து வீடுகளில் இதை மறந்துவிடலாகாது. இத்தகைய வீடுகளில் கூடத்து ரூட்டரிலிருந்து பின்கட்டுக்கு ஒரு கம்பி இழுத்து (100 மீட்டர் வரை இழுக்கலாம்) அங்கே இன்னொரு பெட்டியை வைப்பதே நிலையான வழி.

செலவின்றிச் செய்யக்கூடியவையும் சில உண்டு. ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னாலும், தண்ணீர்த் தொட்டிக்கருகிலும் வைக்காமல், வீட்டின் நடுவில் தலைக்கு மேலான உயரத்தில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். அடுத்து, கடவுச்சொல்லின் பூட்டு எவ்வகையில் அமைந்துள்ளது என்று பார்க்க வேண்டும். ‘வெப்’ அல்லது ‘டி.கே.ஐ.பி.’ என்னும் பழைய பூட்டு இருந்தால், ‘என்’ முறை ரூட்டரும் 54 மெகாபிட் எல்லைக்குள் அடங்கிவிடும். டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்று மாற்றிவிட்டால் வேகமும் கூடும், பாதுகாப்பும் கூடும். மாற்றுவதற்குச் சில நிமிடங்களே போதும். இதைச் செய்யாமல் புதுப்பெட்டி வாங்குவதை நாம் வீண்செலவு என்றே கருதுகிறோம்.

இனி, குறை எங்கே உள்ளது என்று கண்டறியும் முறைக்கு வருவோம். இழை வந்து முடியும் பெட்டியில் மடிக்கணினி ஒன்றைக் கம்பியால் நேராக இணைத்து, வேகத்தை அளந்து காட்டும் தளம் ஏதேனும் ஒன்றில் அளக்க வேண்டும். வீட்டின் மற்றக் கருவிகள் அப்போது ஓய்ந்திருக்க வேண்டும். அங்கேயே வேகம் குறைவாக இருந்தால் இணைப்பு தருபவரிடம் முறையிடலாம். கம்பியால் அளந்த எண் கையில் இருக்கும்போது ‘உங்கள் வைஃபை சரியில்லை’ என்று அவர் தட்டிக்கழிக்க இடமில்லை. அந்தப் பெட்டி வரை வேகம் நன்றாக வந்து, பழைய ரூட்டரில் கம்பியால் இணைத்தபின் குறையுமாயின், குறை ரூட்டரின் துளையிலோ உள்ளுறுப்பிலோ இருக்கிறது. கம்பியில் சரியாகவும் வைஃபையில் இரண்டடி தூரத்திலேயே குறைவாகவும் இருந்தால் காற்றுவழி முறை பழையது; அருகில் சரியாகவும் திண்ணையில் குறைவாகவும் இருந்தால் சுவரும் தூரமும் காரணம். அளக்கும் கைப்பேசியே பழையதாக இருந்தால் புது ரூட்டரும் அதற்கு வேகம் தராது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

எண்களைப் படிக்கும்போது ஒரு மயக்கம் நேர்கிறது. இணைப்பின் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. கோப்பு இறங்கும் அளவு பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட் இறங்கினால் அது முழுவேகமே, ஏமாற்றம் ஒன்றுமில்லை.

ஊராட்சி அலுவலகத்திற்கோ நூலகத்திற்கோ புது ரூட்டர் வாங்க நேர்ந்தால், விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் இரு அலைவரிசை, எல்லாத் துளைகளும் கிகாபிட், வைஃபை 6, டபிள்யூ.பி.ஏ.3 பூட்டு என்னும் நான்கையும் எழுத்தில் குறிக்க வேண்டும். ‘நல்ல ரூட்டர் ஒன்று’ என்று மட்டும் எழுதினால் கிடங்கில் தங்கிப்போன பழஞ்சரக்கு வந்து சேரக்கூடும். பெட்டி வந்ததும் மேலே கூறியபடி கம்பியிலும் வைஃபையிலும் அளந்து, இரு எண்களையும் இருப்புப் பதிவேட்டில் தேதியிட்டுக் குறித்துக்கொண்ட பிறகே பட்டியல் தொகையை வழங்கலாம்.