கணினிக்கு விதை போட்ட புல்வெளி... கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு 3 கி.மீ நடை!

நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் ஸ்மார்ட்போனுக்கும், இங்கிலாந்தில் மாடுகள் மேயும் ஒரு புல்வெளிக்கும் தொடர்பு இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரமான கேம்பிரிட்ஜிலிருந்து கிராண்ட்செஸ்டர் என்ற கிராமம் வரை, கேம் நதியை ஒட்டியே ஒரு நடைபாதை செல்கிறது. தூரம் சுமார் 3 கி.மீ. மேடு பள்ளம் கிடையாது, கட்டணமும் கிடையாது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் கிராமத்துக்குப் போய்விடலாம்.

கணித மேதை ராமானுஜன் 1914-ல் வந்து சேர்ந்த டிரினிட்டி கல்லூரியும் இதே கேம் நதிக்கரையில்தான் இருக்கிறது.

ஓட்டத்துக்கு நடுவே ஓர் யோசனை

நகரத்தின் பழைய மில் குளத்தைத் தாண்டி, ஷீப்ஸ் கிரீன் வழியாக நியூன்ஹாம் பகுதியைக் கடந்தால் கிராண்ட்செஸ்டர் புல்வெளி தொடங்கிவிடும். ஒரு பக்கம் ஆறு, கரையெல்லாம் வில்லோ மரங்கள். நீண்ட கழியை ஊன்றித் தள்ளும் 'பன்ட்' படகுகள் மெதுவாக நகரும்.

1935-ம் ஆண்டு கோடையில், கிங்ஸ் கல்லூரியின் இளம் ஆய்வாளர் ஆலன் டூரிங் ஓட்டப்பயிற்சிக்கு நடுவே இந்தப் புல்வெளியில் படுத்திருந்தார். கணிதச் சிக்கல் ஒன்றுக்கான விடையாக ஒரு கற்பனை இயந்திரம் அப்போதுதான் மனதில் உதித்ததாகப் பின்னாளில் நண்பரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இன்றைய கணினி அறிவியலின் அடித்தளம்.

பழத்தோப்பில் ஒரு டீ

கிராமத்தில் இருக்கிறது 'தி ஆர்ச்சர்ட்' என்ற பழத்தோப்பு. 1868-ல் நட்ட தோப்பு இது. 1897-ல் மாணவர்கள் சிலர், "மரத்தடியிலேயே டீ கொடுக்க முடியுமா?" என்று கேட்க, அப்படியே டீ தோட்டமாக மாறியதாகச் சொல்கிறார்கள். வர்ஜீனியா வுல்ஃப், பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எல்லாம் இங்கே டீ குடித்தவர்கள். இன்றும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஜாமும் கிரீமும் தடவிய ஸ்கோன் சாப்பிடலாம்.

1909-ல் இங்கே வாடகைக்குக் குடிவந்தவர் கவிஞர் ரூபர்ட் புரூக். 1912-ல் பெர்லினில் இருந்தபோது இந்த ஊரை நினைத்து ஏங்கி அவர் எழுதிய கவிதைதான் கிராண்ட்செஸ்டரை உலகறியச் செய்தது. வெளியூரில் உட்கார்ந்து சொந்த ஊரை நினைப்பவர்களுக்கு அந்த வலி புரியும். முதல் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்த அவர், 1915-ல் ரத்தத்தில் நச்சு கலந்து இறந்தார். அப்போது வயது 27. கிராமத்துப் போர் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் இருக்கிறது.

ஆறு நலமா?

கரை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு நலமாக இல்லை. நடைபாதையில் வரும் ஷீப்ஸ் கிரீன், 2024-ல் அரசு அங்கீகரித்த குளியல் துறையானது. அப்படி அறிவித்தால், கோடையில் தண்ணீரைத் தொடர்ந்து பரிசோதித்தாக வேண்டும். முதல் ஆண்டு முடிவே 'மோசம்' என்று வந்தது. குளிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் வந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கேம் நதிக்கு ஊற்றாக இருப்பது சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் நிலத்தடி நீர். கேம்பிரிட்ஜ் மக்களின் குடிநீரும் அதே பாறையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நகரம் வளர வளர, ஆற்றுக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. தண்ணீர் போதாது என்ற காரணத்தாலேயே அங்கே பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் துறை ஆட்சேபம் தெரிவித்தது. பாலாற்றையும் வைகையையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து விரைவு ரயிலில் சுமார் 50 நிமிடங்களில் கேம்பிரிட்ஜ்.

* மே முதல் செப்டம்பர் வரை நடக்க ஏற்ற காலம். குளிர்காலத்தில் ஆற்றோரம் சேறாகிவிடும், வெள்ளமும் ஏறும்.

* தள்ளுவண்டியில் குழந்தையுடன் வருபவர்களுக்கு, புல்வெளியின் மேல்பக்கம் தார்ப்பாதை இருக்கிறது.

* மாடுகளிடமிருந்து தள்ளியே நடங்கள். கன்றுடன் இருந்தால் கூடுதல் கவனம்.

* ஆற்றில் இறங்கும் முன் கரையில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள்.