எந்தக் கலப்பையை எடுப்பது?

உழவு இயந்திரம் பரவுமுன், வன்னி மண்ணில் முதன்முறை ஏர் பிடிக்கும் இளைஞனிடம், மேழியும் கொழுவும் பொருத்திய கலப்பையையே தகப்பன் கொடுப்பான். பல போகம் கண்ட கமக்காரனோ, "கொழு மட்டும் போதும்; மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்" என்பான். இருவர்க்கும் ஒரே குவியலைக் காட்டி, "வேண்டியதைப் பொறுக்கிக்கொள்" என்றால் இளைஞன் திகைப்பான் அன்றோ? மென்பொருள்களைத் தரவிறக்கப் புகும் புதியவர்க்கும் இத்திகைப்பே நேர்கின்றது.

முல்லைத்தீவுப் பக்கத்து மாணவியொருத்தி, 64 பிட்டுக் கணினிக்குரிய கோப்பைத் தன் பழைய 32 பிட்டுக் கணினிக்குத் தரவிறக்கினாள். அது இயங்கவில்லை. கைத்தொலைபேசியில் அவ்வாரத்துக்கென வாங்கிய டேட்டாவும் தீர்ந்தது. "எனக்குக் கணினி சரிவராது, சேர்" என்றாள். பிழை அவளதன்று என்று விளக்க நமக்கு நெடுநேரம் பிடித்தது.

தமிழில் தட்டச்சுச் செய்ய உதவும் மென்பொருளொன்றுக்கு 'எ-கலப்பை' என்றே பெயர். அதன் இரண்டாம் பதிப்பு அஞ்சல், தமிழ்99, பாமினி என விசைப்பலகைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பொதிகளாய்க் கிடைத்தது. பாமினியில் விரல் பழகியவர் தமக்குரியதை நொடியில் எடுத்துக்கொண்டார். விசைப்பலகைகள் பலவென்பதையே அறியாதவர் எதை எடுப்பார்? மூன்றாம் பதிப்பில் அவையெல்லாம் ஒரே பொதியுள் அடங்கின; நிறுவிய பின்னர் விரும்பியதைத் தெரிந்துகொள்ளலாம். கேள்வி நீங்கவில்லை; கேட்கும் வேளையே மாறியது. வாசலில் மறித்துக் கேட்பதற்கும், உள்ளே இருத்திக் கேட்பதற்கும் எத்துணை வேறுபாடு!

பயர்பொக்ஸ் உலாவியைத் தரவிறக்கச் செல்வோரின் இயங்குதளம் எதுவென அத்தளம் தானே உணர்ந்து, பொருத்தமான பொத்தானை முன்வைக்கின்றது. பிற இயங்குதளமோ மொழியோ வேண்டுவோர்க்கு அருகே வேறு வழியும் உண்டு. 2010 இல் தோன்றிய லிப்ரே ஒபிஸ், புதுமை விரும்புவோர்க்கு ஒன்றும், நன்கு நிலைபெற்றதை நாடுவோர்க்கு ஒன்றுமாக இரு பதிப்புகளை வழங்கி வந்துள்ளது.

எளிமையின் பெயரால் தேர்ந்தவரின் வழியை அடைப்பதும் தகாது. பழைய கணினிகளை வைத்து வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு முந்தைய பதிப்பு வேண்டும். நிரல் எழுதுவோர்க்கு மூலநிரல் வேண்டும். ஆகவே, புதியவர்க்கு முன்வாசல் ஒன்று. தேர்ந்தவர்க்கு மறைக்கப்படாத பக்கவாசல் ஒன்று. ஒவ்வொரு கோப்பும் எந்தக் கணினிக்குரியது, எவ்வளவு பெரியது என்பதை எளிய தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டால், ஏழை மாணவியின் ஒரு வார டேட்டா மிஞ்சும்.

பொருத்தாத கலப்பையைக் கொடுத்துவிட்டு, "உனக்கு உழவு வராது" என்று எந்தத் தகப்பனும் மகனைப் பழித்ததில்லை.